சின்ன புல்லியும் என் தங்கை பேரனும்

போன மாதம் என் பெயருக்கு ஒரு பார்சல் வந்தது. நான் எதுவும் ஆர்டர் செய்யவில்லை. பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு புல்லி. உள்ளங்கையில் அடங்கிவிடும் அளவு. கறுப்புப் பூச்சு, சுற்றிலும் ஆறு பள்ளம், ஒரு கீறல் கிடையாது. அரசுப் பேருந்துப் பணிமனையில் முப்பத்து நாலு வருஷம் மெக்கானிக்காக இருந்தவன் நான். புல்லியைப் பார்த்தால் விரல் தானாகப் பள்ளத்தைத் தடவிப் பார்க்கும். நல்ல வேலைப்பாடுதான், அதை மறுப்பதற்கில்லை.

சாயந்திரம் போன் வந்தது. தங்கை பேரன். கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் வேலை.

"தாத்தா, பார்சல் வந்துடுச்சா? அடுத்த வாரம் வண்டியோட வரேன். உங்ககிட்ட புல்லர் இருக்கும்ல? அரை நாள் வேலைதான்."

வண்டி என்னவென்றால், 2009 மாடல் மெர்சிடிஸ் கார். பின்பக்கம் 'கொம்ப்ரெஸர்' என்று எழுதியிருக்கும். மூன்று கை மாறிய பழைய வண்டி. புது மாருதி வாங்குகிற காசைவிடக் குறைவாகக் கிடைத்தது என்று வாங்கிவிட்டான். 1.8 லிட்டர் இன்ஜின், 184 குதிரைசக்தி. அந்தச் சின்ன இன்ஜினுக்கு அவ்வளவு சக்தி எங்கிருந்து வருகிறது என்றால், பெல்ட்டில் ஓடுகிற ஒரு காற்று ஊதி. அதற்குத்தான் சூப்பர்சார்ஜர் என்று பெயர். அந்த ஊதியில் இருக்கிற புல்லியைக் கழற்றிவிட்டு, அதைவிடச் சின்னதாக ஒன்றை மாட்டினால் ஊதி இன்னும் வேகமாகச் சுற்றும், காற்று கூடும், வண்டி பறக்கும். இதுதான் அவன் திட்டம். புல்லியின் விலை பதினெட்டாயிரமாம்.

நான் உடனே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று பிறகு சொல்கிறேன். முதலில் இது என்ன சமாசாரம் என்று என் வயதுக்காரர்களுக்குப் புரிகிற மாதிரி எழுதிவிடுகிறேன்.

கொல்லுப்பட்டறையில் துருத்தி பார்த்திருப்பீர்கள். கரி அதே கரிதான், காற்றை ஊதினால் இரும்பு பழுக்கிறது. இன்ஜினும் அப்படித்தான். பெட்ரோல் எரிய காற்று வேண்டும். சாதாரண இன்ஜின் தானே மூச்சை இழுத்துக்கொள்ளும். ஊதி வைத்த இன்ஜினுக்கு நாம் காற்றை அமுக்கிக் கொடுக்கிறோம். அமெரிக்காவில் ரூட்ஸ் என்ற அண்ணன் தம்பி இரண்டு பேர் 1860-இல் இப்படி ஒரு ஊதிக்குக் காப்புரிமை வாங்கினார்கள். அப்போது கார் என்ற ஒன்றே உலகத்தில் இல்லை. அவர்கள் ஊதி போனது இரும்பு உருக்கும் உலைகளுக்கு. ஆக இதுவும் ஆதியில் துருத்திதான். விற்பனைக்கு வந்த கார்களில் முதன்முதலில் மெர்சிடிஸ்காரர்கள் இதை வைத்தது 1921-இல்.

டர்போ என்பது வேறு. அது புகைக்குழாயில் வெளியே போகிற சூட்டுக் காற்றில் சுற்றுவது. தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் பணிமனைக்கு டர்போ வண்டிகள் வர ஆரம்பித்தன. சூப்பர்சார்ஜர் இன்ஜினின் கிராங்கிலிருந்தே பெல்ட் போட்டுச் சுற்றுவது. அதனால் நாம் ஆக்ஸிலேட்டரை மிதித்த மாத்திரத்தில் காற்று வரும், காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் கொடுப்பதற்கு முன்னால் தன் கூலியை இன்ஜினிடமிருந்து எடுத்துக்கொள்ளும். எண்ணெய் அதிகம் குடிக்கும். அதனால்தானோ என்னவோ, அந்தக் கம்பெனியே அடுத்து வந்த மாடல்களில் ஊதியை விட்டுவிட்டு டர்போவுக்குப் போய்விட்டது.

இனி புல்லிக் கணக்கு. கிராங்கில் இருக்கிற புல்லி 150 மில்லிமீட்டர், ஊதியில் இருப்பது 75 என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்ஜின் ஒரு தடவை சுற்றினால் ஊதி இரண்டு தடவை சுற்றும். இன்ஜின் 6,000 சுற்று ஓடினால் ஊதி 12,000. ஊதிப் புல்லியை 65 ஆக்கினால் அதே 6,000-க்கு ஊதி 13,800-ஐத் தாண்டும். பழைய ரூட்ஸ் வகை ஊதிகள் பலவற்றுக்கு 14,000 சுற்றை ஒட்டித்தான் எல்லை. ஒரு சென்டிமீட்டர் குறைத்ததில் எல்லைக்கோட்டில் போய் நிற்கிறோம். இதில் இன்னொன்று, புல்லி சின்னதானால் பெல்ட் அதைப் பிடித்துக்கொள்கிற இடமும் குறையும். வழுக்க ஆரம்பிக்கும். காசு கொடுத்து வாங்கிய வேகத்தைப் பெல்ட் தின்றுவிடும்.

இந்தக் கணக்கு நம் ஊர் சம்சாரிகளுக்குப் புதிதில்லை. கிணற்றடியில் ஆயில் இன்ஜினும் பெல்ட்டும் வைத்துத் தண்ணீர் இறைத்த காலத்தில், தண்ணீர் போதவில்லை என்று பம்புப் புல்லியைச் சின்னதாக்கியவர்கள் ஊருக்கு நாலு பேர் இருந்தார்கள். சுழல் பம்பின் வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு கூட்டினால் தண்ணீரும் பத்தில் ஒரு பங்கு கூடும். ஆனால் அதற்கு வேண்டிய சக்தி மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். வேகத்தை வேகத்தால் பெருக்கி, மறுபடியும் வேகத்தால் பெருக்க வேண்டும் என்பது கணக்கு. கொஞ்சம் கூடுதல் தண்ணீர் வந்தது என்று சந்தோஷப்படுவார்கள். டீசல் பீப்பாய் ஏன் இவ்வளவு சீக்கிரம் காலியாகிறது, இன்ஜின் ஏன் கறுப்பாகப் புகைகிறது என்று பிறகு என்னிடம் வந்து நிற்பார்கள்.

காற்றை அமுக்கினால் சூடாகும். சைக்கிள் பம்பின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நம் ஊர் 35 டிகிரிக் காற்றை ஒன்றரை மடங்கு அழுத்தினால் உயர்ந்த ரக ஊதியிலேயே 70 டிகிரியைத் தாண்டும். ரூட்ஸ் வகையில் 100-ஐ ஒட்டிப் போகும். அதைக் குளிரவைக்க இன்டர்கூலர் என்று ஒரு ரேடியேட்டர் வேண்டும். கம்பெனிக்காரன் வைத்த இன்டர்கூலர் அவன் வைத்த புல்லிக்கு அளவானது. புல்லியை மட்டும் மாற்றினால் சூட்டுக் காற்று உள்ளே போகும். அப்போது ஸ்பார்க் பிளக் பற்றவைப்பதற்கு முன்னாலோ பின்னாலோ பெட்ரோல் தானாகவே வேறொரு மூலையில் வெடிக்கும். தகர டின்னில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குகிற சத்தம் வரும். நாங்கள் 'நாக்கிங்' என்போம். அந்தச் சத்தத்தை ரேடியோ பாட்டை மீறிக் கேட்க வேண்டும், கேட்டு உடனே காலை எடுக்க வேண்டும். இல்லையென்றால் பிஸ்டன் ஓரத்தில் எலி கடித்த மாதிரி அரித்திருக்கும். கழற்றிப் பார்த்தவன் சொல்கிறேன்.

டீசல்காரர்களான எங்களுக்கு நேர் எதிரான தவறு ஒன்று உண்டு. கல்வராயன் மலைக்கு வண்டி எடுத்துப்போகிற டிரைவர்கள் வந்து, "அண்ணே, கச்சிராயபாளையம் தாண்டி மேல ஏற மாட்டேங்குது, பம்பைக் கொஞ்சம் ஏத்தி விடுங்க" என்பார்கள். டீசல் பம்பில் ஒரு திருகு இருக்கிறது. அதைத் திருப்பினால் டீசல் கூடும். மலையில் இரண்டாயிரம், மூவாயிரம் அடி ஏறும்போது காற்று லேசாகிவிடும், அதனால்தான் இன்ஜின் திணறுகிறது. குறைவது காற்று, இவர்கள் கூட்டச் சொல்வது டீசலை. வெள்ளிமலை வரைக்கும் கறுப்புப் புகையை விட்டுக்கொண்டே போவான். சூடு ஏறும், ஆயில் கெடும். பெட்ரோல் வண்டியில் காற்றை மட்டும் கூட்டினால் கெடுதல், டீசல் வண்டியில் எண்ணெயை மட்டும் கூட்டினால் கெடுதல். எதையாவது ஒன்றை மட்டும் கூட்டுவதே இந்தத் தொழிலில் பெரிய பாவம் என்பது என் அனுபவம்.

ஊதிக்காரர்களை முழுக்கக் குறை சொல்லவும் முடியாது. இரண்டாம் உலகப் போரில் ஸ்பிட்ஃபயர் விமானத்தின் மெர்லின் இன்ஜினுக்கு சூப்பர்சார்ஜர் இல்லாமல் உயரத்தில் மூச்சே விட முடியாது. நம் பக்கத்திலேயே ஒரு உதாரணம் உண்டு. ஒரகடத்தில் இருந்த நிசான் ஆலையிலிருந்து 2010 முதல் மைக்ரா கார்கள் ஐரோப்பாவுக்குக் கப்பலேறின. 2011-இல் அங்கே விற்பனைக்கு வந்த மைக்ராவில் ஒரு வகை 1.2 லிட்டர், மூன்று சிலிண்டர், சூப்பர்சார்ஜர் வைத்தது. எதற்காக வைத்தார்கள்? பறப்பதற்கு இல்லை, பெட்ரோல் மிச்சம் பிடிக்க. மெதுவாகப் போகும்போது ஊதியை ஒரு கிளட்ச் கழற்றிவிட்டுவிடும். வேண்டும்போது மட்டும் சேர்த்துக்கொள்ளும். இன்ஜின், ஊதி, எரிபொருள், கிளட்ச் எல்லாவற்றையும் ஒரே மேஜையில் உட்கார்ந்து யோசித்தவர்கள் செய்த வேலை அது.

இவ்வளவும் மெக்கானிக் பேச்சு. என் பேரனுக்கு இதெல்லாம் என்னைவிட நன்றாகவே தெரியும். கம்ப்யூட்டரில் மேப்பை மாற்றிக்கொள்வான், பிளக்கை மாற்றிக்கொள்வான், 100 ஆக்டேன் பெட்ரோல் போட்டுக்கொள்வான் (இந்தியன் ஆயில் 2020 டிசம்பரில் கொண்டுவந்தது, பெரிய நகரங்களில் கிடைக்கிறது, நம் ஊரில் எங்கே போவது என்று கேட்டேன், சிரித்தான்). நான் தயங்கியதற்குக் காரணம் இன்ஜின் இல்லை.

1974 தை மாதத்துக்கு முந்தைய வாரம். அப்போது நாம் தென்னாற்காடு மாவட்டம். எனக்குப் பத்தொன்பது வயது, ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வேலைக்கு எழுதிப் போட்டுக்கொண்டு வீட்டில் இருந்தேன். அப்பாவுக்கு இரண்டு காணி கரும்பு. மில்லுக்குப் பதிவு இல்லாத கரும்பு, அதனால் எங்கள் கொட்டகையிலேயே ஆலை ஆடி வெல்லம் காய்ச்சுவோம். பொங்கல் சந்தைக்கு வெல்லம் போய்ச் சேர வேண்டும், நாள் போதவில்லை. கொப்பரை காத்துக்கிடக்கிறது, சாறு வந்து சேரவில்லை.

ஆலையை ஓட்டியது ஆறு குதிரைசக்தி லிஸ்டர் மாதிரி ஆயில் இன்ஜின். நிமிஷத்துக்கு 650 சுற்று. இரண்டு பக்கமும் பெரிய பெரிய சக்கரம். இன்ஜின் புல்லி எட்டு அங்குலம், ஆலைச் சக்கரம் நாற்பது அங்குலம், நடுவே தட்டை பெல்ட். கணக்குப் போட்டுப் பார்த்தேன். இன்ஜினில் பத்து அங்குலப் புல்லி மாட்டினால் நாலில் ஒரு பங்கு வேகம் கூடும். பத்து நாள் வேலை எட்டு நாளில் முடியும். இங்கே புல்லியைப் பெரிதாக்க வேண்டும், பேரன் வண்டியில் சின்னதாக்க வேண்டும். ஓட்டுகிற பக்கம் பெரிதாக்கினாலும் ஓடுகிற பக்கம் சின்னதாக்கினாலும் பலன் ஒன்றுதான். கள்ளக்குறிச்சிக்கு சைக்கிளில் போய் ஒரு பழைய புல்லி பிடித்து வந்தேன். அப்பா யோசித்தார். "இன்ஜின் தாங்குமாடா?" என்று மட்டும் கேட்டார். தாங்கும் என்றேன்.

இன்ஜின் தாங்கியது. கொஞ்சம் கறுப்பாகப் புகைந்தது, பெல்ட் வழுக்கும்போது குங்கிலியத் தூள் தூவினோம், ஓடியது. உருளைகள் கரும்பை வாங்குகிற அழகைப் பார்த்து எனக்குக் கர்வம் தாங்கவில்லை. படித்த பிள்ளை என்று நாலு பேர் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

கரும்பு கொடுக்கிறவர் எனக்குச் சித்தப்பா முறை. பெயர் வேண்டாம், பிள்ளைகள் இங்கேதான் இருக்கிறார்கள். இருபது வருஷமாக அதே ஆலைக்குக் கரும்பு கொடுத்தவர். கண்ணை மூடிக்கொண்டு கொடுப்பார் என்பார்கள், நிஜமாகவே பேசிக்கொண்டே, வெற்றிலை போட்டுக்கொண்டே கொடுப்பார். கரும்பை வைத்துத் தள்ளி, உருளை அதைப் பிடித்ததும் கையை எடுப்பதற்கு அவர் உடம்பில் ஒரு தாளம் இருந்தது. அந்தத் தாளம் பழைய எட்டு அங்குலப் புல்லிக்கானது. புல்லியை நான் மாற்றினேன். அவர் கையை யார் மாற்றியது?

இரண்டாம் நாள் விடியற்காலை. ராத்திரி முழுக்க ஆட்டியிருந்தோம். சத்தம் கேட்டு ஓடினேன். இன்ஜினை நிறுத்தினேன், ஆனால் அந்த இரண்டு பெரிய சக்கரமும் உடனே நிற்குமா? கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. அப்பாதான் கட்டையை எடுத்து பெல்ட்டைத் தட்டிவிட்டார். வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குக் கரும்பு லாரியில் போனோம். வழியெல்லாம் அவர் என்னிடம் சொன்னது, "நீ என்னடா பண்ணுவ, நான்தான் அசந்துட்டேன்" என்று.

மறுநாள் அப்பா யாரிடமும் ஒன்றும் பேசாமல் பத்து அங்குலப் புல்லியைக் கழற்றிவிட்டு எட்டு அங்குலத்தை மாட்டினார். அரைக் காணி நிலத்தைச் சித்தப்பாவுக்கு உழுதுகொள்ளக் கொடுத்தார், கடைசி வரைக்கும் குத்தகை கேட்கவில்லை. சித்தப்பா அதற்குப் பிறகும் முப்பது வருஷம் இருந்தார். இடது கையால் சாப்பிடப் பழகிக்கொண்டார். பந்தியில் உட்கார மாட்டார். நான் பணிமனையில் சேர்ந்து எத்தனையோ இன்ஜினைப் பிரித்து மாட்டியிருக்கிறேன். ஒவ்வொரு புல்லியை மாட்டும்போதும் அந்த விடியற்காலை வந்துவிட்டுத்தான் போகும்.

ஆகவே இந்த விஷயத்தில் என் கட்சி இதுதான். ஒரு இயந்திரத்தின் வேகத்தைக் கூட்டுகிறவன், அது தாங்குமா என்று மட்டும் பார்க்கிறான். அப்பாவும் அதைத்தான் கேட்டார், நானும் அதற்குத்தான் பதில் சொன்னேன். சுற்றி நிற்கிறவர்கள் பழைய வேகக் கணக்கிலேயே நின்றுகொண்டிருக்கிறார்கள் என்பதை யாரும் பார்ப்பதில்லை. சேலம் நெடுஞ்சாலையில் தியாகதுருகம் பக்கம் போய் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். புல்லுக்கட்டோடு ஒரு அம்மா சாலையின் நடுத்திட்டில் நிற்பார். தூரத்தில் கார் வருவதைப் பார்ப்பார். இது இங்கே வந்து சேர இவ்வளவு நேரம் ஆகும், அதற்குள் தாண்டிவிடலாம் என்று ஒரு கணக்குப் போடுவார். அந்தக் கணக்கு அவர் வாழ்நாளில் பார்த்த கார்களை வைத்துப் போட்டது. இந்தக் காரின் புல்லி ஒரு சென்டிமீட்டர் குறைந்திருக்கிறது என்பது அவருக்கு எப்படித் தெரியும்? டிராக்டர் டிப்பரில் கரும்பு ஏற்றிக்கொண்டு திரும்புகிறவனுக்கும் ஆடு ஓட்டுகிறவனுக்கும் அதே கதைதான்.

"இப்போ இருக்கிற கார் எல்லாமே வேகமாத்தானே தாத்தா போகுது" என்றான் பேரன். நியாயமான கேள்வி. வேகமாகத்தான் போகின்றன. ஆனால் அந்த வேகத்துக்கு ஏற்ற பிரேக், டயர், சஸ்பென்ஷன் எல்லாம் போட்டுச் சோதித்துவிட்டுத்தான் விற்கிறார்கள். பதினாறு வருஷ வண்டியின் பிரேக் ஹோஸைக் கையால் அமுக்கிப் பார்த்திருக்கிறாயா என்று கேட்டேன். பார்க்கவில்லை. புல்லிக்குப் பதினெட்டாயிரம், பிரேக்குக்குப் பூஜ்யம்.

சட்டமும் இதற்கு இடம் தரவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பை உரிமையாளர் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே வருஷத் திருத்தத்தில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை என்று வந்தது. யார் பானட்டைத் திறந்து புல்லியை அளக்கப்போகிறார்கள் என்று கேட்பீர்கள். யாரும் அளக்க மாட்டார்கள், ஒன்றும் நடக்காத வரைக்கும். நடந்துவிட்டால் இன்சூரன்ஸ்காரர் நிச்சயம் அளப்பார்.

வேகம் பிடிக்காத கிழவன் பேசுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். எண்பதுகளில் சென்னைக்கு வேலையாகப் போனவன், சோழவரத்தில் கார் ரேஸ் என்று கேள்விப்பட்டு இரண்டு பஸ் மாறிப் போய்ப் பார்த்தேன். போர்க்காலத்து விமான ஓடுதளம் அது. வெயிலில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஆயிரக்கணக்கில் ஜனம். அந்தச் சத்தம் நெஞ்சுக்குள் இடிக்கும். திரும்பி வரும்போது காது இரண்டு நாள் அடைத்துக்கொண்டிருந்தது, எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. பிறகு 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் முறையான பந்தயத் தடமே வந்துவிட்டது.

அந்த உலகத்தில் நான் பெரிதும் மதிக்கிறவர் கோயம்புத்தூர் கரிவரதன். பணக்கார வீட்டுப் பிள்ளை. நினைத்திருந்தால் வெளிநாட்டிலிருந்து பெரிய இன்ஜினாக வரவழைத்து அவர் ஒருவரே ஜெயித்துக்கொண்டிருந்திருக்கலாம். அவர் செய்தது என்ன? மாருதி 800 இன்ஜினை வைத்து ஒற்றை ஆள் பந்தயக் கார் கட்டினார். ஃபார்முலா மாருதி என்று பெயர். எல்லோருக்கும் ஒரே சின்ன இன்ஜின், ஓட்டுகிறவன் கெட்டிக்காரத்தனத்தை மட்டும் காட்டட்டும் என்று. அந்த வண்டிகளில் பழகியவர்தான் நரேன் கார்த்திகேயன், 2005-இல் ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர். கரிவரதன் 1997-இல் விமான விபத்தில் போய்விட்டார். செட்டிபாளையத்தில் இருக்கிற பந்தயத் தடத்துக்கு அவர் பெயர்தான். என் பேரன் குடியிருக்கிற ஊரிலேயே இருக்கிறது, ஒருமுறைகூட அவன் அந்தப் பக்கம் போனதில்லையாம்!

வெளிநாட்டிலும் இந்தச் சண்டை பழையதுதான். இங்கிலாந்தின் பென்ட்லி கார்களை உருவாக்கிய டபிள்யூ.ஓ. பென்ட்லிக்கு ஊதி வைப்பதே பிடிக்காது. சக்தி வேண்டுமென்றால் இன்ஜினைப் பெரிதாகக் கட்டு என்பது அவர் கட்சி. அவர் கம்பெனி வண்டியையே ஓட்டிய டிம் பிர்கின் என்ற வீரர், அவர் பேச்சை மீறி 4½ லிட்டர் வண்டிக்கு சூப்பர்சார்ஜர் வைக்க வைத்தார். இன்றைக்கு அந்த வண்டிகளுக்குத்தான் ஏலத்தில் மவுசு, படத்தில் பார்த்தாலே கம்பீரமாக இருக்கும். ஆனால் 1930 லெ மான் இருபத்து நாலு மணி நேரப் பந்தயத்தில் அது கடைசி வரை ஓடவில்லை. ஜெயித்தது ஊதி இல்லாத பெரிய இன்ஜின் பென்ட்லி. பேரனிடம் இதைச் சொன்னேன். "அது அந்தக் காலம் தாத்தா" என்றான். 1974-ஐப் பற்றியும் அதைத்தான் சொல்வான் என்று நினைத்து அன்றைக்கு வாயை மூடிக்கொண்டேன்.

வந்தான். ஞாயிற்றுக்கிழமை காலை வண்டி வாசலில் நின்றது. தெருப் பிள்ளைகளெல்லாம் சுற்றிக்கொண்டார்கள். சாம்பல் நிறம், அழகான வண்டி, பொய் சொல்லக் கூடாது. பானட்டைத் திறந்து பத்து நிமிஷம் சும்மா பார்த்தோம். ஸ்டார்ட் செய்யச் சொன்னேன். குளிர்ந்த இன்ஜின் கிளம்பியதும் முதல் இரண்டு மூன்று வினாடி முன்பக்கத்தில் சங்கிலி உரசுகிற மாதிரி ஒரு கடகடப்பு, பிறகு அடங்கிவிட்டது. அவனுக்குக் கேட்கவில்லை. அணைத்துவிட்டு, ஆற வைத்து, மத்தியானம் மறுபடி கிளப்பச் சொன்னேன். இந்தத் தடவை கேட்டது. முகம் மாறிவிட்டது.

சாப்பிட்டு முடித்து, திண்ணையில் உட்கார்ந்துதான் கரும்பாலை விஷயத்தைச் சொன்னேன். ஐம்பது வருஷத்தில் என் வீட்டுப் பிள்ளைகள் யாரிடமும் நான் அதை முழுதாகச் சொன்னதில்லை. அவனுக்கு அந்தச் சித்தப்பாவை லேசாக ஞாபகம் இருந்தது. கோயில் தெருவில் துண்டுக்குள் கையை மறைத்துக்கொண்டு நடப்பாரே, அவரா என்றான். அவர்தான் என்றேன். கொஞ்ச நேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டு, அதைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தான்.

பிறகு பேரம் பேசினோம். புல்லியை மாட்டவே மாட்டேன் என்று அவன் ஒப்புக்கொள்ளவில்லை, நானும் அப்படி வற்புறுத்தவில்லை. முதலில் டைமிங் சங்கிலியைப் பார்க்க வேண்டும். நாலு சிலிண்டரிலும் கம்ப்ரெஷன் அளந்து எழுதிக்கொண்டு வர வேண்டும். பிரேக் ஹோஸ், டிஸ்க், டயர் தேதி, இன்டர்கூலர் சரியாக இருக்கிறதா என்பது, எல்லாம் பார்க்க வேண்டும். இதெல்லாம் முடிந்த பிறகும் புல்லியை மாட்டுவது பந்தயத் தடத்தில் ஓட்டுவதற்கு மட்டும், வண்டியை அங்கே டிரக்கில் ஏற்றிக்கொண்டு போய், இறக்கி, ஓட்டி, மறுபடி ஏற்றிக்கொண்டு வர வேண்டும். செட்டிபாளையம் அவன் வீட்டிலிருந்து பக்கம்தான். நெடுஞ்சாலைக்குப் பழைய புல்லி. அவன் பாதிக்குத் தலையாட்டினான், பாதிக்கு ஆட்டவில்லை.

புல்லி என் மேஜை டிராயரில் இருக்கிறது. புல்லரை நான் தேடி எடுத்துத் துடைத்து எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன், வாக்கு வாக்குதான். போன வாரம் கம்ப்ரெஷன் கணக்கை வாட்ஸாப்பில் அனுப்பியிருந்தான். மூன்று சிலிண்டர் சரியாக இருக்கிறது. மூன்றாம் சிலிண்டர் மட்டும் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. வால்வா, ரிங்கா என்று தெரிய, சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளக்கச் சொல்லியிருக்கிறேன்.